கடலோர ஊரில் பழைய கார்: முதலில் உப்பு, அப்புறம்தான் பாலிஷ்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய ஆல்ட்டோ, மாருதி 800, சான்ட்ரோ, வேகன் ஆர் வைத்திருப்பவர்கள் வண்டியைக் கொஞ்சம் அழகாக்கலாம் என்று கிளம்பினால் முதலில் வாங்குவது ஒரு டப்பா பாலிஷ். அது கடைசியில் வாங்க வேண்டிய பொருள். ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ நிற்கிற காருக்கு வெயிலும் தூசும்தான் எதிரி, நம் ஊரில் அந்த இரண்டோடு உப்பும் சேர்கிறது. தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியின் கண்ணாடியைக் காலையில் விரலால் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானாகவே கரைய ஆரம்பித்துவிடும், இங்கே பல ராத்திரிகளில் ஈரப்பதம் அதற்கு மேலேதான் நிற்கிறது. அதாவது ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் உங்கள் கார் கதவின் அடி விளிம்பு ராத்திரியெல்லாம் உப்புத்தண்ணியில் நனைந்தபடி இருக்கிறது. அதை எடுக்காமல் மேலே என்ன பூசினாலும் நிற்காது.

காலம் பார்த்து ஆரம்பியுங்கள். பெயின்ட், துரு வேலையெல்லாம் ஆயுத பூஜைக்குள் முடிந்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை, அந்த ஈரக் காற்றில் அடித்த பிரைமர் சரியாகக் காயாது, அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு அடுத்த கோடையில் கொப்புளமாகக் கிளம்பும்.

சரி, கழுவுவதிலிருந்து வருவோம். கடலூர் பழைய டவுன் பக்கமும் கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும் போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும் வீடுகள் நிறைய. அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி படியும், உப்பைக் கழுவ உப்பையே ஊற்றிய கதைதான். அதைவிட மோசம், ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே வரும் கழிவுத் தண்ணீர். வீணாகிறதே என்று பலரும் அதை பக்கெட்டில் பிடித்துக் கார் கழுவுகிறார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவ அது போதும், காருக்கு வேண்டாம். காருக்கு உகந்தது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பே கிட்டத்தட்ட இருக்காது. ராத்திரி ஏசி பைப்புக்குக் கீழே ஒரு பக்கெட் வைத்தால் காலையில் கடைசி அலசலுக்குத் தேவையானது கிடைத்துவிடும். போர் தண்ணீரிலேயே முழுசாகக் கழுவுங்கள், கடைசியாக ஒரு தடவை மட்டும் ஏசி தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ ஊற்றி உடனே துடைத்துவிடுங்கள்.

துணி வைப்பதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றி மணலைக் கீழே இறக்குவதுதான் முக்கியம். காய்ந்த துணியால் காலையில் வாசலில் நின்று தூசி தட்டுகிற பழக்கம் நம் ஊரில் பெயின்ட்டைக் கெடுத்த அளவுக்கு வேறு எதுவும் கெடுத்திருக்காது. பீச் மணல் நைஸாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மாட்டினால் உப்புத்தாள் வேலைதான் செய்யும். இரண்டு பக்கெட் வையுங்கள், ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் திரவமும் துணி சோப்புத் தூளும் வேண்டாம், அவை மேலே இருக்கிற வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். மேலிருந்து கீழே கழுவுங்கள், சக்கர வளைவுக்கு உள்ளேயும் அடிப்பக்கத்துக்கும் ஹோஸ் பைப்பை நீட்டி நன்றாக அடியுங்கள். மாசி மகத்துக்கு மணலில் நிறுத்திவிட்டு வந்தாலும் சரி, துறைமுகப் பக்கம் மீன் வண்டிக்குப் பின்னாலேயே வந்து அதிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் மேலே பட்டாலும் சரி, அன்றைக்கே அடிப்பக்கம் அலசிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வரை வைக்கக் கூடாது.

அடுத்து பெரும்பாலானவர்கள் பார்க்காத இடம், வடிகால் ஓட்டைகள். ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் சின்னதாக இரண்டு மூன்று ஓட்டை இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள் போய் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். மண்ணும் பழைய பாலிஷும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே அது எவ்வளவோ தூரம் போயிருக்கும். கதவைத் திறந்து வைத்து, ஒரு தென்னை ஈர்க்குச்சியை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு மெதுவாகக் குத்துங்கள். கம்பி வேண்டாம், உள்ளே இருக்கும் பெயின்ட்டைக் கீறிவிடும். அப்புறம் கண்ணாடிக்கும் ரப்பர் பீடிங்குக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கீழே தடையில்லாமல் ஒழுக வேண்டும். முதலில் காபி நிறத்தில் சேறு வரும், தெளிவாக வரும்வரை ஊற்றுங்கள். வைப்பருக்குக் கீழே இருக்கிற கருப்பு பிளாஸ்டிக்கின் அடியிலும் இதே கதைதான், அங்கே வேப்பிலைச் சருகு மக்கி எருவாகவே கிடக்கும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும் தூக்கிப் பார்த்துவிடுங்கள். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு கதவுக்குள்ளே கேவிட்டி வாக்ஸ் (உள்பக்கத் தகட்டில் மெழுகுபோல் படிந்து துருவைத் தடுக்கும் பொருள்) ஸ்ப்ரேயை நீளக் குழாய் வைத்து அடித்தால் பல வருஷத்துக்குக் காப்பு. ஆனால் அடித்த பிறகு ஓட்டை அடைபட்டிருக்கிறதா என்று இன்னொரு தடவை ஈர்க்குச்சி விட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது துரு. இதில் அவசரப்படவே கூடாது. முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கொப்புளத்தின் மேல் அழுத்திப் பாருங்கள். உள்ளே பொத்துக்கொண்டு போனால் அது வீட்டு வேலை இல்லை, தகடு வைத்து வெல்டிங் போட டிங்கரிடம்தான் போக வேண்டும். எம்-சீல் வைத்து அடைத்து மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஒரு மழைக்காலம் கூடத் தாண்டாது. தகடு உறுதியாக இருந்தால் நீங்களே செய்யலாம்.

கொப்புளத்தைச் சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேயுங்கள். துரு தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல், சுற்றியிருக்கும் நல்ல பெயின்ட்டுக்குள்ளும் ஒரு அங்குலம் போக வேண்டும், ஏனென்றால் பெயின்ட்டுக்கு அடியில் துரு ஊர்ந்துகொண்டே போயிருக்கும். அப்புறம் 220, 400 என்று போய் பெயின்ட் விளிம்பைச் சரிவாக்குங்கள், விரல் ஓட்டினால் படி தட்டக் கூடாது. இங்கே கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு. தேய்த்த தகட்டை உற்றுப் பார்த்தால் ஊசி முனை அளவில் கருப்புப் புள்ளிகள் தெரியும். அந்தக் குழிகளுக்குள் உப்பு இருக்கிறது. அதன்மேல் நேராக பிரைமர் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிடும். அதனால் ஏசி தண்ணீரில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் அந்த இடத்தை நன்றாகத் தேய்த்து, இரண்டு மூன்று தடவை அலசி, உடனே துடைத்து, ஹேர் டிரையர் வைத்துச் சூடாகக் காயவையுங்கள். வெறும் தகட்டைக் காற்றில் விட்டால் சாயங்காலத்துக்குள் லேசாகச் சிவக்க ஆரம்பித்துவிடும், எனவே கழுவுவதும் அடுத்த வேலையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

காய்ந்ததும் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று விற்கும் திரவத்தைப் புள்ளிகள் மேல் தடவுங்கள். டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும், சிவப்புத் துருவோடு சேர்ந்து அதைக் கருப்பான, ஓரளவு நிலையான படலமாக மாற்றிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டப்பாவில் சொன்ன நேரம் காயவிடுங்கள். அதன் மேல் எபாக்ஸி பிரைமர். ஹார்டுவேர் கடையில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் விற்கும் ரெட் ஆக்ஸைடை பாடியில் அடிக்காதீர்கள், மேலே கார் பெயின்ட் போடும்போது தின்னர் பட்டுச் சுருங்கிக்கொள்ளும். பள்ளம் இருந்தால் மட்டும் பட்டி, அதுவும் மெல்லிசாக. பட்டி தண்ணீரை உறிஞ்சும் பொருள், அதைப் பெயின்ட் இல்லாமல் மழைக்குக் காட்டக் கூடாது. பிரைமரும் அப்படித்தான், சாம்பல் நிறப் பிரைமரோடு மாசக்கணக்கில் ஓடும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பெயின்ட் நிறத்துக்கு வண்டியின் கலர் கோடு, அதாவது நிறத்தின் குறியீடு, தெரிய வேண்டும். பானெட்டுக்குள்ளே இருக்கும் தகட்டிலோ ஸ்டிக்கரிலோ தேடுங்கள், மாருதியில் சுப்பீரியர் ஒயிட் என்றால் 26யு, சில்க்கி சில்வர் என்றால் இசட்2எஸ். கோடு சொன்னால் மிக்ஸிங் கடையில் கலந்து கொடுப்பார்கள், ஆனால் அது புது வண்டியின் நிறம். பல வருஷ வெயிலில் உங்கள் வெள்ளை கொஞ்சம் பழுத்திருக்கும். ஆகவே பெட்ரோல் மூடியை மட்டும் முதலில் ரப்பிங் காம்பவுண்ட் (பெயின்ட்டின் மங்கிய மேல்படலத்தைத் தேய்த்தெடுக்கும் பேஸ்ட்) போட்டு அதன் உண்மையான நிறத்தை வெளியே கொண்டுவந்து, வண்டியையே கடைக்கு ஓட்டிப் போய் அதோடு ஒப்பிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். வேறு நிறத்துக்கு ஆசைப்பட்டால் ஆர்.சி.யிலும் நிறத்தை மாற்ற வேண்டும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பானெட் முனையில் ஈ.சி.ஆர். ஜல்லி தெறித்து விழுந்த புள்ளிகளுக்கு ஸ்ப்ரே தேவையே இல்லை. மெடிக்கல் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்து, பல் குத்தும் குச்சியின் நுனியில் பெயின்ட் எடுத்து அந்தக் குழிக்குள் மட்டும் ஒரு சொட்டு விடுங்கள். காயக் காயக் கீழே இறங்கும், மறுபடி ஒரு சொட்டு. சுற்றியுள்ள மட்டத்தைவிட ஒரு முடி அளவு மேலே நின்றதும் நிறுத்தி, ஒரு வாரமாவது இறுகவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைப் பென்சில் ரப்பரில் சுற்றி அந்த மேட்டை மட்டும் தேய்த்து மட்டமாக்குங்கள்.

மஞ்சளான ஹெட்லைட்டுக்கு வருவோம், ஏனென்றால் ஒரு பழைய காரின் முகத்தை மாற்றுவது இந்த ஒரு வேலைதான். ராத்திரி ஓட்டுகிறவர்களுக்கு இது அழகு மட்டும் இல்லை, சிதம்பரம் ரோட்டில் எதிரே மாடு நிற்பது தெரிய வேண்டுமே. லென்ஸ் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் வெயிலைத் தாங்கும் ஒரு கோட்டிங் கம்பெனியிலேயே போட்டிருப்பார்கள், அது செத்துப்போய்த்தான் மஞ்சள் வருகிறது. பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் பளிச்சென்று ஆவது உண்மை, சில வாரத்தில் திரும்ப மங்குவதும் உண்மை, காரணம் மேலே காப்பு எதுவும் இல்லை. பழைய மாருதி 800-ல் லைட் நிஜக் கண்ணாடியாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர்தான் கறுத்திருக்கும்.

லைட்டைச் சுற்றிப் பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். 800 நம்பர் வாட்டர் பேப்பரைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, சொட்டச் சொட்டத் தண்ணீரோடு இடவலமாகத் தேயுங்கள். ஆரம்பத்தில் ஒழுகும் தண்ணீர் மோர் மாதிரி, ஆனால் மஞ்சளாக வரும், அதுதான் செத்த கோட்டிங். அது வெறும் வெள்ளையாக மாறும்வரை விடக் கூடாது. பாதியில் நிறுத்தினால் ஓரத்தில் தேமல் போலத் திட்டுத் திட்டாக நிற்கும். அப்புறம் 1500 நம்பர், இந்தத் தடவை மேலும் கீழுமாக, முந்தைய பேப்பரின் இடவலக் கோடுகள் முழுக்க மறைந்தனவா என்று காயவைத்துப் பாருங்கள், ஈரத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். பிறகு 2000, முடிந்தால் 3000. இப்போது லென்ஸ் பால் கண்ணாடி போல் மங்கலாக நிற்கும், பயப்பட வேண்டாம், ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் எடுத்து அழுத்தித் தேய்த்தால் தெளிந்துவிடும்.

இதோடு முடியவில்லை. மேலே யு.வி. காப்பு போட்டே ஆக வேண்டும். டூ கே கிளியர் கோட் (ஹார்டனர் கலந்து இறுகும் நிறமற்ற பூச்சு) ஸ்ப்ரே நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழலுக்கு ஆகவே ஆகாது. ரசாயன ஆவிக்கென்று விற்கும் ஃபில்டர் மாஸ்க் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், சாதாரணத் துணி மாஸ்க் தடுக்காது. அந்த வம்பு வேண்டாம் என்றால் லைட்டுக்கென்றே வரும் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டுங்கள், அதுவும் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட் (வாக்ஸ் போன்ற காப்புப் பூச்சு) தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போதுதான் பாலிஷ். முதலில் வெள்ளைத் துணியில், வெள்ளை வண்டியாக இருந்தால் கறுப்புத் துணியில், கொஞ்சம் காம்பவுண்ட் எடுத்து ஒரு ஓரத்தில் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பெயின்ட், பழைய சிக்கன வண்டிகளின் வெள்ளை பெரும்பாலும் அப்படித்தான். சுண்ணாம்பு பூத்தது போன்ற அந்த மேல்படலத்தை எடுத்தால் அடியில் நல்ல பெயின்ட் காத்திருக்கும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். நிறம் ஏறாவிட்டால் கிளியர் கோட் உண்டு, அங்கே கை அடக்கம் வேண்டும், மொத்தப் பெயின்ட்டும் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்தான், கிளியர் கோட் அதில் ஒரு பங்கு. கிளியர் கோட்டே தோல் உரிவதுபோல் உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் அதைச் சரிசெய்யாது, திரும்ப அடிக்கத்தான் வேண்டும். மூலை, விளிம்பு, மடிப்புக் கோடுகளில் பெயின்ட் எப்போதும் மெல்லிசு, அங்கே டேப் ஒட்டிவிட்டு நடுவில் மட்டும் தேயுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் சுழல் மெஷினை முதல்முறை செய்கிறவர்கள் எடுக்காமல் இருப்பது நல்லது, கையால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று செய்யலாம். நிழலில், தகடு கைக்குச் சூடு தெரியாத நேரத்தில். கடைசியாக வாக்ஸோ சீலன்ட்டோ, மெல்லிசாக. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக ஓடுவது நின்றுவிட்டால் திரும்பப் போட வேண்டிய நேரம்.

கார் கவர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்கு பிளாஸ்டிக் கவர் நன்மையைவிடக் கெடுதலே அதிகம் செய்யும், காற்றில் படபடக்கும்போது அடியில் மாட்டிய மணல் தேய்க்கும், ஈரம் வெளியே போகாது. கூரை இருந்தால் கவரே வேண்டாம், இல்லாவிட்டால் காற்று புகும் துணிக் கவர், அதுவும் கழுவிய வண்டி மேல் மட்டும்.

வெளுத்த கருப்பு பம்பருக்கும் மிர்ரர் மூடிக்கும் தேங்காய் எண்ணெய் தடவினால் ஒரு நாள் மினுங்கும், மறுநாள் தெருத்தூசி முழுக்க அதில்தான் உட்காரும். டிரிம் ரெஸ்டோரர் என்று தனியாகக் கிடைக்கிறது, அழுக்கை நன்றாகப் போக்கிவிட்டுத் தடவுங்கள். கதவு பீடிங் ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ் போதும். அடிப்பக்கத்துக்கு டீசல் அடிப்பது சர்வீஸ் ஸ்டேஷன்களில் இன்னும் நடக்கிறது, ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உள்ளே சீட்டும் டேஷ்போர்டும் எல்லோரும் செய்வதுதான், நான் சொல்ல வேண்டியது தரை விரிப்பைப் பற்றி மட்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் கிட்டத்தட்ட 48 செ.மீ. மழை கொட்டியது, தெருவில் நின்ற எத்தனையோ வண்டிகளுக்குள் தண்ணீர் ஏறி இறங்கியது. மேலே மேட் காய்ந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. கார்ப்பெட்டுக்கு அடியில் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு இருக்கும், அது மாசக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துத் தரைத்தகட்டைத் தின்னும். சீட் போல்ட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை முழுசாக வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். பழைய வண்டி வாங்கப் போகும்போதும் டிரைவர் காலடியில் கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி விரலை உள்ளே விட்டுப் பாருங்கள்.

பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யை அடுத்த ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப் போகிறவர்கள் இந்த வேலைகளை இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஓரிரு மாதம் முன்பே தொடங்குங்கள். பொத்துப்போன இடங்களுக்கு டிங்கரிடம் விடும்போது, பழைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கச் சொல்லுங்கள், பட்டி போடுவதற்கு முன்னால் தகட்டை நேரில் வந்து பார்ப்பேன் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடியில் கருப்பாக அண்டர்பாடி கோட்டிங் அடித்துத் தருகிறோம் என்பார்கள், அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, முழுசாகக் காயவைத்து, துருவைத் தேய்த்த பிறகு என்றால் மட்டும் சரி என்று சொல்லுங்கள்.